செவ்வண்ணக் கைங்கரியம்

சுவீடன் தேசத்துக் கிராமப்புறங்களில், ஏரிக்கரை ஓரங்களிலும் பைன் மரங்களின் நடுவிலும், செக்கச்செவேலென்ற பலகைச் சுவரும் வெள்ளை அடித்த மூலைகளுமாக நிற்கும் சிறு மரவீடுகளில் ஒன்றைக் கோடைவாசத்துக்கென்று வைத்திருக்கும் கிருகஸ்தரையே இங்கு வர்ணிக்கப் புகுகிறேன். வருஷம் முழுவதும் நகரத்து உத்தியோகத்தில் சாதுவாகக் காலந்தள்ளும் இம்மனிதர், அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் 4 வாரத் தொடர் விடுமுறை கைக்கு வந்ததும், முழங்கால் கிழிந்த கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஏணியும் பிரஷ்ஷுமாகச் சுவரெதிரே பிரத்தியட்சமாகிவிடுவார்.

உடனே பூச ஆரம்பித்துவிடுவார் என்று எண்ணுவது பேதைமை. பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, "வேலை நடக்கிறதா?" என்று உபசாரத்துக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், ஃபாலுன் நகரத்துத் தாமிரச் சுரங்கத்தின் கழிவு மண்ணைச் சுட்டு இந்தச் செம்பொடி எடுக்கும் விதமும், செங்கல் மாளிகையென்று பிறர் மயங்கட்டும் என்பதற்காகப் பிரபுக்கள் முற்காலத்தில் மரச்சுவரில் இதை அப்பிக்கொண்ட விநோதமும், பிற்பாடு குடியானவன் குடிசையும் சிவந்துவிடவே கனவான்கள் வெளிர்மஞ்சளுக்குத் தாவிய வேடிக்கையும், 1992இல் சுரங்கத்தை மூடிய பின்னும் குவிந்து கிடக்கும் மண்ணிலிருந்து வர்ணம் வந்துகொண்டிருக்கும் அதிசயமும் சாங்கோபாங்கமாக வெளிப்படும். கேட்பவரும் சிவப்பு வீட்டுக்காரரே. இதே புராணத்தைச் சென்ற கோடையில் இவருக்கே சொன்னவர். ஆனாலும் தலையாட்டுகிறார். மரியாதை தெரிந்த தேசம்!

கடையில் வாளியில் ஆயத்தமாகக் கிடைக்கும் வர்ணத்தை நம்மவர் ஏறெடுத்தும் பாரார். முற்றத்தில் அடுப்பு மூட்டி, கொப்பரைத் தண்ணீரில் அன்னபேதியைக் கரைத்து, ரை தானிய மாவைத் தூவி, செம்பொடி கொட்டி, ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துத் தாமே காய்ச்சினால்தான் அவருக்குத் திருப்தி. வீட்டில் முட்டை வேகும்வரை நிற்கப் பொறுமையில்லாதவர், இங்கே ஆடிக்கூழ் கிண்டும் பக்தையைப்போல் துடுப்பும் கையுமாக நின்று கிண்டுவார்.

பிறகு ஆகாய ஆராய்ச்சி. சுவரில் நேர்வெயில் விழுந்தால் வர்ணம் பதமாக உலராது. மழை வந்தால் கேட்கவே வேண்டாம். ஆதலால் நிழல் திரும்பும்வரை காப்பி. நிழல் வந்தபின் மேகம் கலையும்வரை மறுபடியும் காப்பி. இடையில், அக்ரிலிக் வர்ணம் பூசிய எதிர்வீட்டைப் பார்த்து, "பாவம், மரத்துக்கு மூச்சு முட்டும்" என்று ஒரு பெருமூச்சு. அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை: அந்தப் பூச்சின் அடியில் ஈரம் தங்கினால் பலகை உளுத்துப்போகும், செம்பூச்சோ தோலாக உரியாமல் பொடியாக உதிர்வதால், மறுபடி பூசுமுன் முரட்டு பிரஷ்ஷால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும். அப்பொடி சுவரில் சாய்ந்தவர் முதுகிலும் உதிர்கிறது என்பதை மட்டும் அவர் எவரிடமும் பிரஸ்தாபிப்பதில்லை.

இவ்வளவு பாடுபட்டும், ஒரு கோடைக்கு ஒரு சுவர்தான் சிவக்கும். ஒருமுறை பூசினால் பத்து வருஷம் தாராளமாக நிற்கும் வர்ணந்தான்; எனினும் நான்காவது சுவர் முடிகிற வருஷம் முதற்சுவர் அவர் கண்ணுக்கு வெளுத்துத் தெரிகிறது. "ஆள் வைத்து நான்கு பக்கத்தையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டால் என்ன?" என்று மனைவி கேட்கத் துணிந்தால், ஏணியின் நடுப்படியிலிருந்து திரும்பி, உலகமறியாத குழந்தையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்க்கிறார்.

"நான்கையும் ஒரே வருஷத்தில் பூசினால், நான்கும் ஒரே வருஷத்தில் அல்லவா வெளுத்துப்போகும்?"