பதினேழு அங்குலப் பண்டிதர்

கெலமங்கலத்து டீக்கடை பெஞ்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் சரிசமமாக உட்கார்ந்து அளவளாவும்; பண்டிதர் வந்து அமர்ந்துவிட்டாலோ மூன்று பாஷைகளும் வாயடைத்து, எண்கள் மாத்திரமே ஒலிக்கத் தொடங்கும். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சாமானைத் தயவுதாட்சண்யமின்றி ஒதுக்கித் தள்ளுகிற பரிசோதனை உத்தியோகம் பார்த்து, ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது அந்த வெர்னியர் புத்தியையும் கழற்றி வைக்க மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, செகண்ட் ஹாண்டில் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட்டின்மீது அதைப் பிரயோகிக்கிற வாலிபர் கூட்டத்துக்கு அவர் ஒரு பிரதிநிதி. அந்த வாகனத்தை ஸ்விஃப்ட் என்று நாம் குறிப்பிட்டால் அவர் முகம் வாடும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய ஞானம் போலியன்று. 185/65 ஆர் 15 என்றால் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், அதன் பக்கச்சுவர் அந்த அகலத்தில் 65 சதவிகிதம், ரிம் 15 அங்குலம், ஆக மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர் சொச்சம் என்று காகிதமில்லாமலே கணக்கிடுவார். ரிம் பெருத்தால் சுவர் இளைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும் என்பார். நான்கு நட்டுகளும் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைகின்றனவா, நடுத்துவாரம் 54.1 தானா, ஆஃப்செட் எவ்வளவு என்றெல்லாம் அவர் விசாரிப்பதைக் கேட்டால், பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த ஜோசியரே வெட்கிப் போவார்.

பிறர் விஷயத்தில் அவர் தீர்ப்பு அப்பழுக்கற்றது. ரோஜாப்பூ ஏற்றிச் சந்தைக்குப் போகிறவர் வந்து யோசனை கேட்டால், "உங்களுக்குக் கம்பெனி சைஸே போதும் அண்ணா, மைலேஜும் கெடாது, குழியில விழுந்தா ரிம்மும் வளையாது" என்று சொல்லியனுப்புவார். இத்தனை விவேகமும் தம் சொந்தச் சக்கரத்தின் சமீபத்தில் வந்ததும் எங்கேதான் ஓடி ஒளிந்துகொள்ளுமோ!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்குப் போனவர், 205/45 ஆர் 17 அளவில் பளபளக்கும் அலாய் வீல்களோடு திரும்பினார். விட்டம் 616, ஒரு சதவிகிதம்கூட வித்தியாசமில்லை, கணிதம் பரிசுத்தம். ஆனால் 120 மில்லிமீட்டராக இருந்த ரப்பர்ச் சுவர் 92 ஆகச் சுருங்கிவிட்டபடியால், ராயக்கோட்டைச் சாலையின் ஒவ்வொரு கல்லும் அவருடைய முதுகெலும்பில் வந்து நேரடியாக ஆஜர் கொடுக்கத் தொடங்கிற்று. வேகத்தடையைக் கண்டால் வண்டி குறுக்காகத் திரும்பி, கர்ப்பஸ்திரீயைப் போல் மெல்ல இறங்கும். பின்னால் தக்காளிக் கூடைகளோடு வந்த டாட்டா ஏஸ் ஹாரன் அடித்து அந்த ஸ்போர்ட்ஸ் காரை முந்திக்கொண்டு போகும். சக்கரம் சற்று வெளியே பிதுங்கி நின்றால்தான் கம்பீரம் என்று ஆஃப்செட்டை வேண்டுமென்றே குறைத்து வாங்கியிருந்ததன் பலன், மாமியார் பின் ஸீட்டில் ஏறிய அன்றுதான் வெளிப்பட்டது.

"மாப்பிள்ளை, கீழே ஏதோ கரகரன்னு தேயுதே?"

"ஒண்ணுமில்லை அத்தை, நீங்க முன்னாடி வந்து உக்காருங்க."

சர்வீஸுக்கு விடுகிற தினத்துக்கு முந்தின இரவு, பரண்மேலிருந்து பழைய சக்கரங்கள் இறங்கிவந்து வண்டியில் ஏறும்; மறுநாள் மாலை மீண்டும் பரணுக்குப் போகும். அதை நாம் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளலாகாது.

அதிவேகமாகப் பறக்கிற ஃபார்முலா ஒன் கார்கள் 2021 வரையில் 13 அங்குல ரிம்மில்தானே ஓடின, நம் பழைய மாருதி ஜென்னுக்கும் அதே 13 தானே என்று ஒருநாள் மெல்லக் கேட்டு வைத்தேன்.

"அவங்களும் திருந்திட்டாங்க சார். 2022லேருந்து பதினெட்டு" என்றவர், அந்தப் பதினெட்டைத் தம் வண்டிக்கு விசாரித்துக்கொண்டிருப்பதாகவும் தெரிவித்தார்.

"இன்னும் அதிகமாக உரசுமே?"

"பின் ஸீட்டைக் கழற்றிட்டா உரசாது சார்."