மங்குஸ்தானும் மயிலாப்பூரும்

கே: பின்கட்டில் பத்துக்குப் பத்து இடம் காலியாக இருக்கிறது. யார் வீட்டிலும் இல்லாத பழ மரமாக, மங்குஸ்தான் வைக்கலாமா? – ஒரு வாசகி, மயிலாப்பூர்

ப: தாராளமாக. பேத்தி சாப்பிடுவாள்! மங்குஸ்தான் காய்க்கவே ஏழெட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவும் குன்னூர் மலைப்பாதையில் கல்லாறு, பர்லியாறு பக்கத்து ஈரத்தில். நம்மூர் மே மாதத்தையும் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரையும் பார்த்தால், இலை நுனி கருகி, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடும்.

டிராகன் பழம் வையுங்கள். 2021-இல் குஜராத் அரசு ‘கமலம்’ என்று பெயர் சூட்டியதே, அதுதான். பெயர்தான் தாமரை, ஜாதி கள்ளி. அதனால் வெயில் தாங்கும். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, அவ்வளவே. ஏறிப் படர ஒரு கல்தூண் நடுங்கள். பூ ஒரே ஒரு ராத்திரிதான் விரியும். சில ரகங்களுக்கு அடுத்த செடியின் மகரந்தம் வேண்டும். பத்து மணிக்கு டார்ச்சும் பெயின்ட் பிரஷுமாக நீங்களே தேனீ வேலை பார்க்க வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பொறுமை இல்லையா? அரநெல்லி இருக்கிறது. அதுவே இப்போது அபூர்வம்தான்.

நர்சரியில் யாராவது, “ரெண்டே வருஷத்துல காய்க்கிற மங்குஸ்தான், மேடம்” என்றால் பர்ஸை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள்.