மேலே மட்டும் பார்க்கும் மீன்

கே: நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கிறதே, பிறவிக் கோளாறா?

ப: பிறக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்தான். குஞ்சு நிமிர்ந்துதான் நீந்தும். தைராய்டு சுரப்பு வேலையைத் தொடங்கியதும் மண்டையோடு முறுக்கிக்கொள்ள, ஒரு கண் மறுபக்கம் குடியேறிவிடும். அப்புறம் கண்ணில்லாத பக்கத்தைத் தரைக்குக் கொடுத்துவிட்டு ஆயுள் முழுக்கப் படுக்கைதான். கோளாறு இல்லை அம்மா, வளர்ச்சி!

கே: எந்தக் கண் நகரும்?

ப: நாக்கு மீன் குடும்பத்தில் வலக்கண் இடப்பக்கம் வரும். ஐரோப்பாவின் சோல் மீனில் நேர்மாறு. எருமை நாக்கு என்ற தட்டை மீனில் இடதும் உண்டு, வலதும் உண்டு. கூட்டணி ஆட்சி!

கே: பாதி வழியில் நிற்கும் கண்ணால் மீனுக்கு என்ன லாபம்? பரிணாமம் இங்கே இடிக்கிறதே!

ப: 1871-லேயே மைவார்ட் என்ற விலங்கியலாளர் இதைக் கேட்டு டார்வினை மடக்கப் பார்த்தார். டார்வின் 1872-இல் தம் நூலின் ஆறாம் பதிப்பில் பதில் சொன்னார். சாட்சி வரத்தான் தாமதம். இத்தாலியின் போல்காவில் கிடைத்த, சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களை ஆராய்ந்த மாட் ஃப்ரீட்மன், பாதி வழியில் நின்ற கண்ணை 2008-இல் காட்டினார். அதுவும் முதிர்ந்த மீன்களில். அரைகுறைக் கண்ணோடு அவை பிழைத்து, வளர்ந்து, பெரிசாகியிருக்கின்றன. மைவார்ட் கேள்விக்கு மீனே பதில் சொல்லிவிட்டது.

கே: வாவலும் தட்டைதானே, அதுவும் இந்த இனமா?

ப: இல்லை. வாவல் நிமிர்ந்து நீந்தும், பக்கத்துக்கு ஒரு கண். அதில் படுக்காதது உடம்பு மட்டுமல்ல, விலையும்தான்.

கே: சுறா வந்தால் நாக்கு மீன் என்ன செய்யும்?

ப: செங்கடலில் இதற்கு மோசஸ் சோல் என்றொரு உறவுக்காரர். துடுப்படியிலிருந்து வெள்ளையாய் நஞ்சு கசிய, கவ்வ வந்த சுறா வாயை மூட முடியாமல் திணறும். மீன் ஆய்வாளர் யூஜீனி கிளார்க் நேரில் கண்டு எழுதினார். நம்மூர் நாக்கு மீனிடம் அந்த நஞ்சு கிடையாது. மணலுக்குள் பதுங்கும், கண் மட்டும் வெளியே.

கே: மலபாரில் மாந்தள் எனப்படும் நாக்கு மீன் எப்போது மலியும்?

ப: தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும். சேற்றுத் தரையில் புழு தின்று வளரும் இது, செப்டம்பர் அக்டோபரில் கோழிக்கோட்டுக் கரையோரம் கூட்டமாகச் சிக்கும். நீளம் ஒரு சாண்கூட வராது. மிஞ்சினால் கருவாடு.

கே: தோலோடு வறுக்கலாமா?

ப: உரித்துவிடுங்கள். தலையருகே கீறி, விரலில் கல்லுப்புத் தொட்டுக்கொண்டு, தோலைப் பிடித்து வால் பக்கமாக இழுத்தால் ஒரே மூச்சில் வந்துவிடும். மஞ்சள், மிளகாய்த்தூள், மிளகு, உப்பு, எலுமிச்சைச் சாறு பூசிக் கால் மணி ஊறட்டும். தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை பொரிந்ததும் மீனைப் போடுங்கள். மெல்லிய சதை, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். திருப்புவது ஒரே தடவை. புரட்டிக்கொண்டே இருந்தால் வறுவல் வராது, புட்டுதான் வரும்.

கே: மலிவு மீனை விருந்தாளிக்கு வைத்தால் மரியாதைக் குறைவில்லையா?

ப: 1948-இல் பிரான்ஸின் ரூவான் நகரில் வெண்ணெயில் பொரித்த சோலைச் சாப்பிட்டுத்தான் ஜூலியா சைல்டு சமையல் பக்கமே திரும்பினார். பிற்பாடு அமெரிக்காவுக்கே பிரெஞ்சுச் சமையல் கற்றுக்கொடுத்தார். அந்த வம்சத்து மீன் இது. உடம்பு விறைப்பாக, கண் தெளிவாக இருப்பதைப் பார்த்து வாங்கி, முதல் தட்டிலேயே வையுங்கள்.