அவன் விசில், என் விசிட்டிங் கார்டு

1980 ஜூலையில் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியபோது, பத்தமடையிலிருந்து பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வந்த என்னிடமும் என் நண்பனிடமும் ஆளுக்கொரு ஹாக்கி ஸ்டிக் இருந்தது. எதிர்காலம் மட்டும் எனக்குத்தான் என்பது அப்பாவின் தீர்ப்பு. பாய் நெய்கிற வீட்டுப் பையன் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்வி படிக்கப் போகிறான் என்றதும், "விசில் ஊதவும் ஒரு படிப்பாடே?" என்று கேட்டார். 1920-இல் ஹாரி பக் தொடங்கிய அந்தக் கல்லூரியின் பெருமையை அவருக்கு யார் எடுத்துச் சொல்வது! நான் எம்.பி.ஏ. முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் டை கட்டி உட்கார்ந்தேன்.

அவன் ஒரு கல்லூரியில் பி.டி. சார் ஆனான். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸிலேயே ஹாக்கி செயற்கைப் புல்லுக்குப் போய்விட்டது. அவன் பையன்கள் சரள் தரையில்தான் ஆடினார்கள். பந்து கல்லில் பட்டு முகத்துக்கு ஏறும். காலையில் முதல் வேலை தண்ணீர் தெளித்து ரோலர் இழுப்பது. பேடு வாங்கக் காசில்லாதவன் சாக்ஸுக்குள் அட்டையைச் செருகிக்கொள்வான். விரிசல் விட்ட ஸ்டிக்குக்கு ஃபெவிகால் தடவி, சணல் சுற்றி, மேலே டேப் ஒட்டுவான் இவன். லீவில் ஊருக்கு வரும்போது அதைப் பார்த்து, "உன் பட்ஜெட் எவ்வளவுடே?" என்று கேட்பேன். சிரிப்பானே தவிர, தொகையைச் சொல்ல மாட்டான்.

அவனிடம் ஒரு நீள நோட்டு உண்டு. பையன் பெயர், ஆடிய இடம், கடைசிக் கட்டத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., போலீஸ், இந்தியன் வங்கி என்று பக்கம் பக்கமாக ஓடும். என்னிடமும் பட்டியல் இருந்தது, எக்செல்லில். 1991-க்குப் பிறகு கம்பெனிகளெல்லாம் உடம்பு இளைக்கத் தொடங்கிய காலத்தில், யார் யாரை அனுப்பலாம் என்று நான் போட்டவை. இரண்டும் மனிதவளம்தான். என்னுடையதற்கு போனஸ் கிடைத்தது.

கோச் வேலை நிலையில்லாதது என்று நினைத்திருந்தேன். தேசிய அணியைப் பொறுத்தவரை அது சரிதான். தங்கம் வாங்கித் தந்த அதே பாஸ்கரன் பயிற்சியாளராக இருந்த 2006 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு 11-ஆம் இடம். அதோடு ஆளை மாற்றினார்கள். 2017 செப்டம்பரில் ஓல்ட்மன்ஸ், 2019 ஜனவரியில் ஹரேந்திர சிங் என்று வரிசையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் கம்பெனியில்கூட ஆளை அனுப்புமுன் ஒரு டீ வாங்கிக் கொடுப்போம். ஆட்டமும் கம்பெனி வழிக்கே வந்துவிட்டது. 35 நிமிடப் பாதிகள் இரண்டு என்றிருந்ததை 2014-இல் சர்வதேசக் கூட்டமைப்பு தன் பெரிய போட்டிகளில் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்காக நறுக்கியது. காலாண்டுக் கணக்கில் முடி நரைத்த எனக்கு அதைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதல்.

இவனை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவன்; பழைய பென்ஷன், அகவிலைப்படியோடு. எனக்கு வருகிற இ.பி.எஃப். பென்ஷனில் சம்பள வரம்புப்படி வரும் உச்சமே ஏறக்குறைய 7,500 ரூபாய். என்னுடையது அதையும் தொடவில்லை. வைஸ் பிரசிடெண்ட் என்று அச்சடித்த கார்டுகள் இன்னும் ஒரு பெட்டி மிச்சம் இருக்கின்றன.

என் வழியனுப்பு விழாவில் கண்ணாடிக் கேடயம் ஒன்று தந்தார்கள், இனிஷியல் மாறி. அவனுக்கு அவன் பையன்கள் பத்தமடைப் பட்டுப் பாய் சொல்லி நெய்யவைத்தார்கள், கல்யாணப் பாய் மாதிரி பெயர் போட்டு. "மாப்பிள்ள பேரு இருக்கு, பொண்ணு பேரு எங்கேன்னு வீட்ல ஒரே சண்டடே" என்றான்.

போன வருஷம் ஒரு பெரிய கம்பெனி, 'டீம் வொர்க்' பற்றிப் பேச அவனைக் கூப்பிட்டது. ஏற்பாடு என்னுடையது. "பதினோரு பேர் ஆடுற இடத்துல ஏழு பேர நிறுத்திட்டு, பாஸ் வரல, பாஸ் வரலன்னா எப்படி வரும்?" என்று மைக்கில் கேட்டுவிட்டான். பலமான கைதட்டல். மனிதவளத் தலைவர் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பணம் மூன்று மாதம் கழித்து வந்தது, பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு.

"இத எப்படில திரும்ப வாங்க?" என்று ராத்திரி பத்து மணிக்கு போன். இப்போது அவனுக்கு வருமான வரிக் கணக்கு போட்டுக் கொடுப்பது நான்தான்.