சோழனுக்குப் பசிக்கக் கூடாது

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் சோழர்களுக்கென்று சில நடத்தை விதிகள் உண்டு. சோழன் யானை மேல் வரலாம். கப்பலேறிப் போய்க் கடாரத்தை அடிக்கலாம். வானுயரக் கோயில் கட்டலாம். கல்யாண பேனரில் மாப்பிள்ளைக்குப் பின்னால் வாளோடு நிற்கலாம். பசிக்க மட்டும் கூடாது.

இந்த விதியை 2010 பொங்கலன்று செல்வராகவன் மீறினார். படம் ‘ஆயிரத்தில் ஒருவன்’. 1279-இல் பாண்டியரிடம் தோற்ற சோழர்கள், இளவரசனை மட்டும் ஒரு கூட்டத்தோடு கண்காணாத தீவுக்குத் தப்ப வைக்கிறார்கள் என்பது கற்பனை. எழுநூறு ஆண்டு கழித்து அவர்களுடைய வாரிசுகள் இன்னும் அங்கேயே கிடக்கிறார்கள். கறுத்து, ஒட்டி உலர்ந்து, அழுக்கேறி, தஞ்சையிலிருந்து தூதுவன் வருவான் என்று காத்துக் கிடக்கிறார்கள். அரசன் பார்த்திபன். அவனிடம் அதிகாரம் இருக்கிறது, அரிசி இல்லை. கடைசியில் தூதுவனுக்குப் பின்னாலேயே ராணுவமும் வருகிறது. ஆண்களைக் கொன்று பெண்களைச் சிதைக்கிறது. முள்ளிவாய்க்காலில் ஈழப் போர் முடிந்து எட்டே மாதம் ஆகியிருந்த நேரம் அது. திரையில் தெரிவது எந்த ஊர் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

பார்த்தவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்தார்கள்.

முதல் கட்சி குடும்பக் கட்சி. “பொங்கலும் அதுவுமா புள்ளகுட்டியோட வந்தா, இப்படியா கொமட்ட வப்பான்?” என்றது. நியாயமான குறைதான். இடைவேளையில் வாங்கிய முட்டை போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, எலும்பும் தோலுமாக ஒரு கூட்டம் சோற்றுக்குத் தவிப்பதைப் பார்ப்பது யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். போண்டாவைக் கீழே வைத்தவர் யாருமில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு தின்றார்கள்.

இரண்டாவது வரலாற்றுக் கட்சி. “சோழன் இப்படிக் கருகருன்னா இருப்பான்?” என்று கொதித்தது. கேட்டவரின் நிறம் நம் எல்லோருடைய நிறமும்தான். கண்ணாடி பார்க்கும் வழக்கம் அந்தக் கட்சியில் இல்லை போலும்.

மூன்றாவது ரசனைக் கட்சி. இதுதான் ஆபத்தானது. “உலகத்தரம் சார், நம்ம ஜனங்களுக்குப் புரியாது” என்று ஆரம்பித்தார்கள். பசி ஒரு குறியீடு என்றார்கள். பிணம் ஒரு குறியீடு, கதறல் ஒரு குறியீடு. நிழல் விழும் கோணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். பசித்தவனைப் பற்றி ஒரு நிமிடம் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டவனுக்காவது குமட்டியது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2022 செப்டம்பரில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தது. அன்று அழுக்குச் சோழனாக இருந்த பார்த்திபன் இப்போது தஞ்சைக் கோட்டையின் காவலர் சின்னப் பழுவேட்டரையர். சோழர்களிடம் போய்ச் சிக்கிய கூலியாள் கார்த்தி இப்போது வந்தியத்தேவன். பட்டு, முத்து, பளபளக்கும் கவசம், ஒருவனுக்கும் பசியில்லை. மூன்று கட்சியும் ஒரே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கின. ஊர் பெருமைப்பட்டது.

இடையில் 2019-இல், திருப்பனந்தாளில் நடந்த கூட்டமொன்றில், ராஜராஜன் காலத்தில் யாருடைய நிலம் யாரிடம் போனது என்று இயக்குநர் பா. ரஞ்சித் கேட்டார். வழக்குப் பாய்ந்தது. ஆக, சோழனுக்குப் பசித்தால் ‘உவ்வே’. சோழன் காலத்தில் மற்றவனுக்குப் பசித்தது என்றால் எஃப்.ஐ.ஆர்.

‘ஆயிரத்தில் ஒருவன்’ மேல் சொல்லப்பட்ட இன்னொரு குறை, ‘நம்பும்படியாக இல்லை’ என்பது. இந்த விமர்சனத்துக்கு எங்கள் மண்ணில் பெரிய பாரம்பரியம் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒடுங்கியிருந்த 44 பேரை உயிரோடு கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் சமூகம் செய்த குற்றம். கீழ்க் கோர்ட் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்கள் பெரும் நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள். இப்பேர்ப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்று நீதிமன்றம் கருதியது. லாஜிக் இடித்தது, அவ்வளவுதான். 44 உடல்கள் லாஜிக்கில் சேரவில்லை.

அந்தத் தீயை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ நாவல், 1983-இல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்று படமாகவும் வந்தது. நம்மூரில் பத்துப் பேரை நிறுத்திக் கேளுங்கள், பார்த்தீர்களா என்று. கமல் நடித்ததுதானே என்பார்கள். அது நாவலின் பெயரில் 1995-இல் வந்த வேறு படம்.

2017-க்கு வருவோம். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, காவிரியிலும் தண்ணீர் வராமல், மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டிருந்தது. மார்ச்சில் விவசாய சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு தலைமையில் எங்கள் பக்கத்து விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களுடையவை என்று மண்டை ஓடுகளை முன்னால் பரப்பினார்கள். எலியைப் பல்லில் கவ்வினார்கள். அம்மணமாக ஓடினார்கள். சிறுநீரைக் குடித்தார்கள். 41 நாள் ஓடியது. உலகின் எந்தத் திகில் பட இயக்குநரும் எடுக்கத் துணியாத காட்சிகள்.

அதே மூன்று கட்சியும் இங்கேயும் வந்தன. “சாப்பிடுற நேரத்துல டிவில இதப் போடுறான்” என்றது குடும்பக் கட்சி. “தமிழன் மானத்தை வாங்குறானுவோ” என்றது வரலாற்றுக் கட்சி. “ஓவர் ஆக்டிங்” என்றது ரசனைக் கட்சி. சிலர், தலைவர் காரில் வருகிறாராமே என்று துப்பறிந்தார்கள். கவனியுங்கள்: வெண்மணியில் கார் இருந்தவன் கொலைகாரனாக இருக்க முடியாது, டெல்லியில் கார் இருந்தால் விவசாயியாக இருக்க முடியாது. இந்த நாட்டில் காரின் சாட்சிக்கு இருக்கும் மதிப்பு மனுஷன் சாட்சிக்கு இல்லை. வறட்சியால் விவசாயி எவரும் தற்கொலை செய்துகொள்ளவில்லை, எல்லாம் சொந்தக் காரணங்கள் என்று மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. நட்சத்திரமே தராத விமர்சனம்.

இப்போது ரசனை வளர்ந்துவிட்டதாம். ‘ஆயிரத்தில் ஒருவன்’ காலத்தை முந்தி வந்த காவியமாம். அன்று திட்டியவர்களே இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்கிறார்கள். 2021 புத்தாண்டன்று அறிவித்தார்கள். 2024-இல் வரும் என்றார்கள். 2024 வந்தது, போனது.

ஏன் அவசரம்? இரண்டாம் பாகம் இங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அறுவடைக் காலத்தில் மழை வரும்போது நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலுக்குப் போங்கள். சாலையோரம் நெல் அம்பாரம். மேலே கிழிந்த படுதா. விரலை உள்ளே விட்டால் வெதுவெதுவென்று சூடு. பிடி அள்ளிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக முளை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். “காய வச்சி எடுத்துட்டு வாங்க” என்பார்கள், கொட்டுகிற மழையில். குமட்டல் வேண்டுமென்றால் அந்த முளைவிட்ட நெல்லை முகர்ந்து பாருங்கள். குறியீடு வேண்டுமென்பவர்களும் தாராளமாக வரலாம். பல்லக்கில் தூதுவன் வருவான் என்று இவர்கள் காத்திருக்கவில்லை. ஒரு லாரி வந்தால் போதும்.

வரும்போது போண்டாவோடு வராதீர்கள். அங்கே நிற்கிறவன் காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டான். அவன் உங்களைப் பார்த்து விமர்சனம் எழுதத் தொடங்கினால், உங்கள் மூன்று கட்சியும் தாங்காது.