அடுக்ககத் தரைத்தள நிறுத்தவியல்: ஓர் ஆய்வுரை

பொதுமக்களுக்குச் செல்லும் உரிமையுள்ள சாலை, தெரு, வழி போன்றவற்றையே 'பொது இடம்' என 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வரையறுப்பதால், சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவரைத் தாண்டி நுழையும் கார், போக்குவரத்துக் காவலரின் பார்வையிலிருந்து விடுபட்டு, அவரினும் கண்டிப்பான குடியிருப்போர் சங்கத்தின் ஆளுகைக்குள் வந்துவிடுகிறது.

தூண்கள் மட்டும் நின்று, சுவர்களின்றித் திறந்து கிடக்கும் தரைத்தளம் 'ஸ்டில்ட்' எனப்படும். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டுமென்று 2019ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் கூறினும், அந்த அகலத்தில் தூணும் தன் பங்கைக் கோருவதால், குடும்பத்தார் அனைவரும் முன்னதாகவே இறக்கிவிடப்பட, ஓட்டுநர் மட்டும் உள்ளே சென்று, பாதி திறந்த கதவின் வழியே வயிற்றை எக்கிக்கொண்டு வெளிப்படுதல் மரபு. ஸ்டில்ட் இடத்தைத் தனிச் சொத்தாக விற்கக் கட்டுநருக்கு உரிமையில்லை என்று மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. ஆயினும் தரைத்தள மாந்தர் உரிமையைப் பத்திரத்தால் அன்றிப் பொருளால் நிறுவுபவர்கள். பூந்தொட்டி வைத்தவரிடம் நயமாகப் பேசி அதை நகர்த்திவிடலாம். செங்கல் வைத்தவரிடம் பேச்சே கூடாது. பிளாஸ்டிக் வாளி தற்காலிக உரிமையைக் குறிப்பதாகத் தோன்றினாலும், அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருப்பதைக் கருதினால் அம்முடிவு ஐயத்திற்குரியது. இவை அனைத்தினும் வலிய சான்று, உறை போர்த்தி, நான்கு டயரும் தரையோடு படிந்து, மகனைப் பார்க்க அமெரிக்கா சென்ற உரிமையாளருக்காகக் காத்திருக்கும் பழைய கார். அதை எவராலும் வெல்ல இயலாது.

ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வண்டிகளுள் பின்னது கை பிரேக் இன்றி நியூட்ரலில் விடப்பட வேண்டும், அல்லது அதன் சாவி வாட்ச்மேனிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இதன் விளைவாக, அக்கட்டடத்தில் மிகக் குறைந்த வருமானம் உடையவரின் மேசை இழுப்பறையில் அனைவருடைய கார்களும் அடங்கிக் கிடக்கின்றன; "பி-2 சார் காலைல ஆறு மணிக்கே கிளம்புவாரு" என்னும் அவர் வாக்கிற்கு மேல்முறையீடு கிடையாது. சங்கச் செயலாளரே அதற்குக் கட்டுப்படுவார்.

விருந்தினர் நிலை இரங்கத்தக்கது. 'விருந்தினர் வாகனங்களை வெளியே நிறுத்தவும்' என்ற பலகையால் தெருவுக்குத் திருப்பப்படும் அவர், எதிர்வீட்டில் 'கேட்டின் முன் வண்டி நிறுத்தாதீர், மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்ற இன்னொரு பலகையைக் காண்கிறார். பிறர் வாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் உண்டாதலால் பலகையின் முற்பகுதி சட்டமே. பிற்பகுதி வீட்டுக்காரர் இயற்றிய திருத்தம். அத்திருத்தம் முற்பகுதியைக் காட்டிலும் நன்கு அமலாகிறது. எனினும் அந்த வாயிலுக்கு உள்ளே, கார் நிற்க வேண்டிய போர்டிகோ தையற்கடைக்கு வாடகைக்கு விடப்பட்டிருப்பதாலும், வீட்டுக்காரரின் கார் அப்பலகையின் அடியிலேயே நிரந்தரமாக நிற்பதாலும், மறிக்கப்படக்கூடிய வாகனம் எது என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.