மாப்பிள்ளைக்கு ஒரு பாட்டுப் புத்தகம்

வாங்க மாப்பிள்ளை, இப்படித் திண்ணையில உக்காருங்க. மோர் வருது. உங்க பொண்ணு பாப்பா எல்லாத்தையும் சொல்லிட்டா. புத்தகத்தைத் திருப்பி அனுப்பப் போறீங்களாமே? படத்துல சிவப்பு, புத்தகத்துல நீலமாம். காசு குடுத்து வாங்கின பண்டத்துல கலர் மாறினா நீங்க விடுவீங்களா? சோழிங்கநல்லூர் கம்பெனியில அடுத்தவன் செஞ்ச வேலையில ஓட்டை கண்டுபிடிக்கத்தானே உங்களுக்கு மாசாமாசம் சம்பளம்.

நான் கழனியில பொழுதைக் கழிச்சவன். எனக்கு ஒரு சந்தேகம், அதை மட்டும் தீர்த்துட்டு அனுப்புங்க.

அந்த ஸ்டார் வார்ஸ் புத்தகம் 1976 நவம்பர்லயே கடைக்கு வந்துடுச்சாம். படம் வந்தது 1977 மே மாசம். பாப்பாதான் தேடிப் பாத்துச் சொன்னா. அப்ப எழுதினவர் எந்தப் படத்தைப் பாத்து எழுதியிருப்பார்? அவர் கையில இருந்தது ஸ்கிரிப்ட். அதுல லூக் பையன் பறக்கிற அணிக்குப் பேரு நீல அணி. விமானத்தை நீலத் திரைக்கு முன்னாடி வெச்சுப் படம் புடிச்சுட்டு, அப்புறம் நீலத்தை எடுத்துட்டு வானத்தை ஒட்டுவாங்களாம். விமானத்துலயும் நீலப் பட்டை இருந்தா அதுவும் சேர்ந்து மாயமாப் போயிடும். அதனால சிவப்பாக்கிட்டாங்க. புத்தகத்துக்கு அந்தச் சேதி போய்ச் சேரல.

இன்னொண்ணு கேளுங்க. அட்டையில ஜார்ஜ் லூகாஸ்னு போட்டிருக்கே, எழுதினவர் ஆலன் டீன் ஃபாஸ்டர்னு ஒருத்தராம். சமைச்சவன் அடுப்படியில, மாலை வேற ஒருத்தர் கழுத்துல. நம்ம ஊர்க் கல்யாணத்துல நடக்காததா என்ன.

படம் முடியறதுக்கு முன்னாடி புத்தகம் வந்தா அப்படித்தான் இருக்கும். இதை நான் உங்களுக்குச் சொல்லித் தரணுமா? 2013-ல நீங்க ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கட்டினப்ப வழவழன்னு ஒரு புத்தகம் கொண்டாந்து இதே திண்ணையில விரிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அப்ப அங்க அஸ்திவாரம்கூடத் தோண்டல. எங்க சித்தப்பா நெல்லு போட்ட கழனி அது, நண்டு வளை மூடாமக் கெடந்துச்சு. புத்தகத்துல பாத்தா நீச்சல் குளம், புல்தரை, வெள்ளக்காரப் புள்ளைங்க பந்து விளையாடுது. பால்கனியில நின்னா ஏரி தெரியும்னு வேற போட்டிருந்தான். இப்ப நின்னா எதிர் பிளாக்குக்காரர் பனியன் காயறது தெரியுது. குளம் வர வேண்டிய இடத்துல ஜெனரேட்டர் உறுமுது. அந்தப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பினீங்களா? கிரகப்பிரவேசம் வெச்சு வடை பாயசம் போட்டீங்க. ஏரி விஷயத்துல அவனைக் குத்தம் சொல்லக் கூடாது, 2015 டிசம்பர்ல ஏரியே வந்து உங்க வாசல்ல எட்டிப் பாத்துட்டுப் போச்சு.

சிரிக்காதீங்க, மோர் புரையேறும்.

எங்க காலத்துல இந்தச் சண்டையே தலைகீழ். சினிமாவுக்கு நாங்க படிச்ச கதைப் புத்தகம்னா பாட்டுப் புத்தகம்தான். கொட்டாய் வாசல்ல சில்லறைக்கு விப்பான். உள்ள பாட்டு, முன்னாடி ஒரு பக்கம் கதைச் சுருக்கம். கதை சூடு புடிக்கிற இடமாப் பாத்து நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்கன்னு போட்டுருவான். டிக்கெட்டுக்குக் காசு இருக்கிறவன் காணலாம். இல்லாதவன் என்ன பண்ணுவான்? மீதியை அவனே எழுதிக்க வேண்டியதுதான்.

1965-ல ஏவிஎம்மோட ‘குழந்தையும் தெய்வமும்’ வந்துச்சு. ஜெய்சங்கர், ஜமுனா, ரெட்டைப் புள்ளைங்களா குட்டி பத்மினி. எனக்குப் பத்து வயசு. தாம்பரம் கூட்டிட்டுப் போறேன்னு அப்பா சொன்னார். நடவு வந்துடுச்சு, பாட்டுப் புத்தகம் மட்டும் வந்துச்சு. நான் வரப்புல உக்காந்து நாத்து நடற பொம்பளைங்களுக்குக் கதை சொன்னேன். புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சாச்சு, ஆளுக்கு ஒரு புள்ளை. அதுவரைக்கும் புத்தகத்துல இருக்கு. அப்புறம்? மாமியாரைச் சேத்துல தள்ளுடான்னாங்க. தள்ளினேன். இன்னொரு தரம் தள்ளச் சொன்னாங்க. எங்க கதையில அந்தக் குடும்பம் ஏரி மதகு மேலதான் ஒண்ணு சேர்ந்துச்சு. மறுவருஷம் டென்ட் கொட்டாய்க்குப் படம் வந்தப்ப அத்தனை பேரும் போனாங்க. திரும்பி வர்ற வழியெல்லாம் எனக்குத்தான் திட்டு. மதகும் காணோம், சேறும் காணோம், படத்தைத் தப்பா எடுத்துட்டானாம். அவங்க கையில அன்னைக்குச் செல்போன் இருந்திருந்தா ஏவிஎம் மெய்யப்ப செட்டியாருக்கே படத்தைத் திருப்பி அனுப்பியிருப்பாங்க.

போன வாரம் இதைப் பாப்பாகிட்ட சொன்னேன். அவ எதையோ தட்டிப் பாத்துட்டு, தாத்தா, இந்தக் கதைக்கே பூர்வீகம் வேற ஊருன்னா. ஜெர்மனியில எரிஹ் கெஸ்ட்னர்னு ஒருத்தர், புள்ளைங்களுக்கு எழுதறவர். 1933-ல அவர் புத்தகங்களை பெர்லின்ல நெருப்புல போட்டாங்க, அவரே கூட்டத்துல நின்னு பாத்தாராம். எழுதவும் தடை. 1942 வாக்குல சினிமாவுக்கு மட்டும் எழுதலாம்னு கொஞ்ச நாள் கதவு தெறந்துச்சு. அப்பதான் பிரிஞ்சுபோன ரெட்டைப் பொண்ணுங்க கதையைப் படத்துக்குன்னு எழுதினார். மறுபடி தடை போட்டாங்க, படம் நின்னுபோச்சு. யுத்தம் முடிஞ்சதும் அதையே 1949-ல புள்ளைங்க புத்தகமாக்கிட்டார். 1950-ல ஜெர்மன் படம், 1961-ல டிஸ்னி படம், 1965-ல நம்ம வடபழனி ஏவிஎம் படம். இப்ப சொல்லுங்க, எது அசல், எது நகல்? எடுக்காத படத்தோட புத்தகம் அது. ஒத்துப் பாக்கணும்னா எதை வெச்சு ஒத்துப் பாப்பீங்க?

அந்தப் புத்தகத்துல அவர் ஒரு வேலை பண்ணியிருக்கார், எனக்கு அதுதான் புடிச்சுது. கதையைப் பாதியில நிறுத்திட்டு, புள்ளை தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாக்கிற பெரியவங்ககிட்ட பேசறார். அப்பா அம்மா பிரியற சங்கதியைப் புள்ளைங்களுக்குச் சொல்லலாமான்னு நீங்க மூஞ்சியைச் சுளிப்பீங்கன்னு அவருக்குத் தெரியும். அதுக்கு அமெரிக்காவுல ஷெர்லி டெம்பிள்னு ஒரு குழந்தை நட்சத்திரத்தை இழுக்கிறார். ஊரே அவ படத்தைப் பாக்குது, அவளை மட்டும் நீ சின்னப் புள்ளைன்னு சொல்லி அவ நடிச்ச படத்துக்கே உள்ள விடலையாம். வீட்டுல அந்தக் கஷ்டத்தை அனுபவிக்கிற புள்ளைங்க அதைப் படிக்க மட்டும் கூடாதான்னு கேக்கறார். கொட்டாயில இதுக்கெல்லாம் எடமில்ல. ஆபரேட்டர் ரீலை ரெண்டு நிமிஷம் நிறுத்தினா நாங்க விசிலடிச்சுத் துணியைக் கிழிச்சுடுவோம். அந்த மாதிரி எடத்துல நம்ம ஆளுங்க எம்.எஸ். விஸ்வநாதனைக் கூப்பிட்டு ஒரு பாட்டு வெச்சுடுவாங்க. நல்லாத்தான் இருக்கும், நான் குறை சொல்லல.

உங்களையும் ஒண்ணு கேக்கலாமா? மேனேஜர் உங்களை ரூமுக்குக் கூப்பிட்டுப் பேசினதை வீட்டுல வந்து எம் பொண்ணுகிட்ட சொல்றீங்க. அதுல நீங்க நாலு பதில் சொல்றீங்க, மேனேஜர் தலையைக் குனியறார். அங்க நடந்ததும் அதுவேதானா மாப்பிள்ளை? எம் பொண்ணு ஒரு நாளாவது திருப்பி அனுப்பினாளா?

பாப்பா நோட்டுல ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருக்கா, படத்துல இப்படி, புத்தகத்துல அப்படின்னு. நீலம் சிவப்பானதை முதல்ல புடிச்சவ அவதான். உங்க கோவத்துல பாதி அதுக்காகத்தான்னு அவங்க அம்மா சொல்றா, நான் சொல்லல.

புத்தகத்தை வாங்கிட்டுப் போக நாலு மணிக்கு ஆள் வருவான்னு உங்க போன்ல சேதி வந்துச்சு. வரட்டும், அவனுக்கும் மோர் குடுக்கறேன். புத்தகம் மாடியில வத்தல் தாம்பாளத்துக்கு அடியில இருக்கு. அவளுக்கு இன்னும் முப்பது பக்கம் பாக்கி.